பதினோரு புத்தகங்களுக்கு ஒரே சாவு

எங்கள் பதிப்பகத்தில் அவருக்குக் ‘கத்தரி’ என்று பெயர். அறுநூறு பக்கக் கடல் நாவலைக் கொடுத்தால் தொண்ணூற்றாறு பக்கத்தில் சிறுவர் புத்தகமாகத் திருப்பித் தருவார். பதினாறு பக்கம் ஒரு பாரம். ஆறு பாரத்துக்கு மேல் ஒரு தாள் கூடத் தரமாட்டேன் என்று முதலாளி ஒற்றைக் காலில் நிற்பவர்.

கத்தரி வெட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வானிலை போகும், பிறகு சாப்பாடு, பிறகு காதல். கடைசியாகச் சாவு. பிள்ளைகள் அழுதால் பெற்றோர் கடிதம் போடுவார்கள், கடிதம் வந்தால் முதலாளி குதிப்பார். அதனால் பக்கம் பக்கமாக நடக்கும் மரணத்தையும் ஒரே வரியில் முடித்துவிடுவார்: ‘அவர் தூக்கத்திலேயே, வலி தெரியாமல், கண்ணை மூடினார்.’ பதினோரு புத்தகங்களில் இந்த வரி இருக்கிறது. அத்தனைக்கும் மெய்ப்புப் பார்த்தவள் நான். சுறா கடித்தவன் கூடத் தூக்கத்தில்தான் போனான். “உங்க கப்பல்ல ஏறினா நல்லா தூக்கம் வரும் போலிருக்கேண்ணே” என்று ஒருநாள் கிண்டல் செய்தேன். அவரும் சிரித்தார். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவருடைய தங்கையின் கணவர் கட்டட வேலை செய்தவர். போன வருடம் சாரத்திலிருந்து விழுந்து மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்தார். ஒன்பது வயது மகளைக் கூட்டி வரட்டுமா என்று தங்கை கேட்டபோது வேண்டாம் என்றவர் இவர்தான். முகமெல்லாம் கட்டு, மூக்கில் குழாய், பச்சைப் பிள்ளை பயந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பிள்ளைகளுக்கு எது ஆகும், எது ஆகாது என்று தெரிந்தவர் என வீட்டில் அவருக்கு அவ்வளவு மதிப்பு. எல்லாம் முடிந்தபின் அவளை மடியில் வைத்துச் செய்தி சொன்னவரும் அவரே. வாயில் வந்தது கை பழகிய அந்த வரிதான்.

பள்ளி விட்டதும் அவள் எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிடுவாள். அம்மா வேலை முடிந்து வரும்வரை மாமா மேசைக்கு எதிரே உட்கார்ந்து படிப்பாள். அவர் சுருக்கிய புத்தகமெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். சென்ற வாரம் மேசையில் அவர் முன்பே சுருக்கி வெளிவந்த ஒரு கப்பல் கதையின் முழு மொழிபெயர்ப்பு கிடந்தது, நீலப் பென்சில் கோடுகளோடு. எந்தப் பிள்ளைக்கும் அடித்த பக்கம்தானே முதலில் வேண்டும்? எடுத்தவள் ஒரு மணி நேரம் தலை நிமிரவில்லை. பிறகு எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“மாமா, இதுல கேப்டன் ரெண்டு நாள் உயிரோட இருக்காரு. மகளைக் கூப்பிட்டு என்னென்னமோ பேசுறாரு. நீங்க தூக்கத்துல போயிட்டாருன்னு எழுதியிருக்கீங்க.”

இடம் போதவில்லை என்று சொல்லி அவர் பாரக் கணக்கை விளக்க ஆரம்பித்தார். அவள் முடியட்டும் என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எங்கப்பாவைப் பத்தியும் இதேதான் சொன்னீங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் மெய்ப்புத் தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். தாள் தலைகீழாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அவர் இன்னொரு பொய் சொல்லிவிட மாட்டாரா என்றுதான் என் மனம் அடித்துக்கொண்டது. நானும் பதினோரு தடவை சரி என்று கையெழுத்துப் போட்டவள்தானே.

“இல்லடா கண்ணு,” என்றார். “அப்பா மூணு நாள் இருந்தாரு. உன்னையே கேட்டுக்கிட்டு இருந்தாரு. நான்தான் கூட்டிட்டு வர வேணாம்னு சொன்னேன். பெரிய தப்புப் பண்ணிட்டேன்.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“அப்பாகிட்ட என்ன சொன்னீங்க?”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “நீ வந்துக்கிட்டே இருக்கேன்னு சொன்னேன்.”



“அப்போ அவர் வாசலையே பாத்துக்கிட்டு இருந்திருப்பாரு,” என்றாள்.

“ஆமா,” என்றார் மாமா. “மூணு நாளும்.”