தொட்டிப் புகை வாசம்

"சார், இந்த பாட்டல் கெட்டுப்போச்சுங்க" என்றேன், மூடியைத் திறந்து மோந்துவிட்டு. ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றின் மால்ட் விஸ்கியை எங்கள் பாரில் முதன்முதலாகத் திறந்த நாள் அது. மேனேஜர் சிரித்தார். பக்கத்தில் நின்ற பாஸ்கரனும் சிரித்தான். அவன் சிரித்ததுதான் எனக்கு எரிந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், காந்திபுரம் பக்கம் ஒரு ஹோட்டல் பாரில் டேபிளுக்குப் பரிமாறும் சீனியர் ஸ்டூவர்ட் நான். பாஸ்கரன் மெட்ராஸிலிருந்து புதிதாக வந்தவன். கேட்டரிங் காலேஜ் இங்கிலீஷ், கலையாத கிராப்பு. ஸ்டூவர்ட்களை மேய்க்கும் கேப்டன் வேலை காலியாக இருந்தது. "இந்த மால்ட்ட யார் நல்லா விக்கறீங்களோ அவங்கதான் கேப்டன்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

பேன்ட்ரியில்

பாருக்குப் பின்னால் கிளாஸ் துடைக்கும் அந்த அறையில் பாஸ்கரன் விஸ்கியின் கதையை ஒப்பித்துக்கொண்டிருந்தான். அந்தத் தீவில் மரம் குறைவு. சதுப்பு நிலத்தில் புல்பூண்டு மக்கிய மண்ணை வெட்டிக் காயவைத்து, விறகுபோல எரிப்பார்கள். அதற்கு 'பீட்' என்று பேர். முளைகட்டிய பார்லி அந்தப் புகையில்தான் உலரும். ஆதியில் விவசாயிகள் வரிக்குப் பயந்து ஒளித்துக் காய்ச்சினார்களாம். லைசென்ஸ் வாங்கிக் கடலோரத்தில் டிஸ்டிலரி கட்டியது பிறகுதான். பீப்பாய் குடோன் சுவரில் அலை வந்து அடிக்குமாம்.

நான் மறுபடி மோந்து பார்த்தேன். டிஞ்சர், உப்புக் காற்று, அதற்கு அடியில் எனக்குப் பழக்கமான ஒன்று. வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்க உடுமலைப் பக்கம் மழைக்காலத்துல தொட்டியப் போட்டுக் கொப்பரைக்குப் பொகை காட்டுவோம். அதே வாசம்யா!"

"தொட்டின்னா வாட்டர் டேங்கா?"

"கொட்டாங்குச்சிய்யா. அதத்தான் நாங்க தொட்டிங்கறது."

ஆறாம் டேபிள்

அன்று சாயங்காலமே உடுமலைத் தேங்காய் வியாபாரி ஒருவர், ஊரையும் தொழிலையும் சொல்லிக்கொண்டே வந்து பாஸ்கரன் டேபிளில் உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்ததும் முகம் சுளித்தார்.

"ஏனுங்க தம்பி, டிஞ்சர ஊத்திப்போட்டீங்களா? எடுத்துட்டுப் போங்க!"

மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைந்தான் என்று என் வயிறு குளிர்ந்தது.

பாஸ்கரன் பதறவில்லை. "இன்னொருக்கா மோந்து பாருங்கங்க. உங்க ஊர்லங்க, தொட்டியப் போட்டுங்க, கொப்பரைக்குப் பொகை காட்டுவீங்கல்லங்க? அந்த வாசம்ங்க."

'பாருங்கங்க' என்று எங்கள் ஊரில் எவனும் சொல்ல மாட்டான். அதைக் கேட்டே அவர் சிரித்துவிட்டார். மோந்தார். குடித்தார்.

"அட, ஆமாங்க! நம்ம களத்துப் பொகையேதான். கடேசீல இனிப்பு வேற வருது. பாட்டல இங்கயே வெச்சுட்டுப் போங்க தம்பி."

ஐஸ் பக்கெட்டைப் பிடித்தபடி நின்றேன். அது என் தொட்டி, என் கொப்பரை என்று கத்த வேண்டும்போல இருந்தது. மேனேஜர் என் காதருகே வந்து, "வாசத்த எப்படிப் புடிச்சான் பாத்தியா?" என்றார்.

"பாத்தேங்க சார்."

கேப்டன் பேட்ஜ் அவன் சட்டையில் ஏறியது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் மூக்கு கண்டுபிடித்ததைக் கஸ்டமரிடம் சொல்லுங்கள், பேன்ட்ரியில் சொல்லாதீர்கள். பாஸ்கரன் பிற்பாடு துபாய் போய்ப் பெரிய ஆளாகிவிட்டதாகக் கேள்வி. நன்றாக இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. ரிட்டையராகி ஊருக்கே வந்துவிட்டேன். மழை பிடித்தால் பக்கத்துத் தோட்டத்தில் கொப்பரைக்குப் புகை போடுகிறார்கள். எனக்கு அதில் பாஸ்கரன் வாசம்தான் அடிக்கிறது.