டிரைவருக்கும் ஒரு பிளேட்

அந்தோணியார் சுரூபம் கோத்த வேன் சாவி ஏற்காட்டு ஓட்டல் மேசைமேல் கிடக்கிறது. வாசலில் எந்தப் பக்கம் வருவதென்று தெரியாமல் தடுமாறி நிற்கும் சித்தப்பாவைக் காட்டி, “அந்தப் பெரியவரு உங்க கூட வந்தவருங்களா?” என்று சர்வர் கேட்கிறார். ஆமாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு வாய் வரவில்லை. இதே ஓட்டலில் இவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை.

சாவி அப்பாவுடையது. முப்பது வருஷம் ஊரார் லாரியை ஓட்டி, கடைசியில் சொந்தமாக ஒரு பழைய வேன் வாங்கினார். தம்பியான இந்தச் சித்தப்பாவைப் படிக்க வைத்ததும் அந்த ஸ்டியரிங் பிடித்த கைதான். சென்னையிலிருந்து சித்தப்பா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குடும்பத்தோடு அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்குவார். மேச்சேரி ஆட்டுக்கறி, அதிரசம், மறுநாள் மேட்டூர் அணை என்று நாலு நாளும் அவர்களுக்கு ராஜபோகம். அப்பா பூரித்துப் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, சித்தப்பா மகளுக்குச் சம்பந்தம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பண்டிகைக்கு ஏற்காட்டில் தங்கியிருந்தார்கள். பண்டிகைக்கு முந்தின நாள் அவர்களைப் பார்க்க அப்பாதான் எங்களை வேனில் கூட்டிப்போனார். எல்லாரும் ஓட்டலுக்குள் போய் உட்கார்ந்தோம். அப்பா கழுத்தில் துண்டோடு வெளியே வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா நல்ல மனதோடுதான் சொன்னார், “டிரைவருக்கும் ஒரு பிளேட் சொல்லிருங்க.” சித்தப்பா காதில் விழாதது போல மெனு அட்டையைப் புரட்டினார். பிறகு சர்வரிடம் இன்னொரு பிளேட் சொன்னார், வெளியே கொடுக்கச் சொல்லி. நான் எழுந்தேன். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டிருந்த அப்பா, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். உட்கார்ந்துவிட்டேன். அப்படி உட்கார்ந்ததற்காக இன்றைக்கும் என்மேலேயே எனக்குக் கோபம்.

சித்தப்பா அதோடு விட்டாரா? மறுநாள் பண்டிகைச் சாப்பாட்டுக்குச் சம்பந்தி வீட்டார் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அன்று காலை சமையலறைக்கு வந்து அம்மாவிடம், “அண்ணன் இன்னிக்கு மட்டும் கடைசிப் பந்தியில சாப்டட்டுங்க அண்ணி. ஜெபம் நான் சொல்லிக்கறேன்” என்றார். எங்கள் வீட்டில் மூத்தவர் ஜெபம் சொல்லாமல் யாரும் இலையில் கை வைப்பதில்லை. அப்பா கட்டிய வீட்டில், அப்பாவின் அந்த இடத்தைக் கேட்க வந்திருந்தார் இந்த மனிதர்.

மத்தியானம் சம்பந்தி வீட்டார் வந்து இலையில் உட்கார்ந்தார்கள். சித்தப்பா ஜெபம் சொல்லத் தொண்டையைச் செருமினார். அப்பா வெள்ளைச் சட்டையோடு வந்து, எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார்.

“நேத்து வண்டி ஓட்டினவருதானே?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“ஆமாங்க. முப்பது வருசமா டிரைவருங்க. அதுக்கும் முன்னாடி இருந்தே இவனுக்கு அண்ணனுங்க” என்றார் அப்பா. சிலுவை அடையாளம் போட்டு ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார்.

அந்தம்மா பிறகு அம்மாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். கல்யாணமும் நடந்தது. சித்தப்பா மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வருஷமும் வந்தார், கறி நன்றாக இருக்கிறதென்று இன்னொரு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்பாவும் அவரை மேட்டூருக்குக் கூட்டிப்போனார். அப்பாவின் அந்தப் பொறுமை எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. இந்தப் பண்டிகைக்கும் சித்தப்பா வந்துவிட்டார். “அண்ணன் வேன்லயே ஏற்காடு போலாம் சாமி, நீதான் ஓட்டறயே” என்றார், எதுவுமே நடக்காதது போல.

சர்வர் சித்தப்பா காதிலும் விழும்படி மறுபடி கேட்கிறார். நான் மெனு அட்டையை எடுத்துப் புரட்டுகிறேன். சித்தப்பா என்னைப் பார்க்கிறார், அட்டையைப் பார்க்கிறார், மேசைமேல் கிடக்கும் சாவியைப் பார்க்கிறார். அவர் முகம் சுருங்கித் தலை குனிகிறது. அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. நான் அட்டையை மூடிவைக்கிறேன்.

“எங்க சித்தப்பாங்க” என்கிறேன். “அவருக்கும் ஒரு பிளேட் கொண்டாங்க.”