விளக்கடிப் பயிர்

எங்கள் ஃபோர்மேன் எண்ணெய் டின் ஒன்றை வெட்டி விரித்து, பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. 1991 ஐப்பசி. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில், ஏரிக் கால்வாய்க்கு மேல் புதுப் பாலம் கட்டியிருந்தார்கள். அதற்கு விளக்குப் போடும் வேலை எங்களுக்கு வந்தது. நான் வயர்மேன். கம்பம் நட்டு, கேபிள் இழுத்து, மஞ்சள் வெளிச்சம் தரும் சோடியம் விளக்குகளை மாட்டி, தினமும் சாயங்காலம் எரியவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தோம். திறப்பு விழா முடிந்தால்தான் எங்களுக்கு விடுதலை. எல்லோருக்கும் உடம்பு அசந்துபோயிருந்தது.

கடைசிக் கம்பத்துக்குக் கீழே, பக்கத்து ஊரான வடக்குப்பட்டைச் சேர்ந்த அம்மா ஒருவரின் நெல் வயல். விளக்கு எரியத் தொடங்கிய சில நாளில் அவர் மேலே ஏறி வந்து, கதிர் வருகிற வரைக்கும் அந்த ஒரு விளக்கை அணைத்துவைக்கச் சொன்னார். ரைஸ் மில் விளக்குக்குப் பக்கத்தில் இருந்த அவர் தம்பி நிலத்தில் சம்பா கதிரே விடவில்லையாம். ஃபோர்மேன் சிரித்துவிட்டார்.

"இன்னாம்மா, நெல்லுக்குக் கண்ணு கூசுதா?"

"ராவு வந்ததே அதுக்குத் தெரியலப்பா. உன் மூஞ்சிமேல லைட்டு போட்டா நீ தூங்குவியா? எனக்குக் கீறது இந்தத் துண்டுதான்."

ஃபோர்மேன் அதற்குமேல் சிரிக்கவில்லை. விளக்கை அணைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அதனால்தான் அந்தத் தகரம். வயல் பக்கம் மட்டும் மறைக்கிற மாதிரி வளைத்து, அவரே ஏணியில் ஏறிக் கம்பியால் கட்டினார். அன்று சாயங்காலம் பாலம் வெளிச்சமாகவும் வயல் இருட்டாகவும் இருந்தது. அந்த அம்மா வரப்பில் நின்று, தன் புடவையின் நிறம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

விழாவுக்கு முன் இன்ஜினியர் வந்தார். கெட்டவர் இல்லை. விஷயத்தைக் கேட்டு, நியாயம்தான் என்றார். ஆனால் அமைச்சர் வருகிற பாதையில் தகரம் தொங்கக்கூடாது, இன்றைக்கே கழற்றுங்கள் என்றார். விழா முடிந்ததும் திரும்பக் கட்டிவிடலாம் என்று ஃபோர்மேன் நினைத்தார். விழா தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. நாங்கள் தினமும் விளக்கை எரியவிட்டோம்.

தை பிறந்தபோது சுற்றிலும் நெல் பழுத்துச் சாய்ந்திருந்தது. அந்த அம்மாவின் துண்டில் மட்டும், வெளிச்சம் விழுந்த அளவுக்கு, பச்சைப் பயிர் நிமிர்ந்து நின்றது. அதை அவர் மாட்டுக்கு அறுத்துக்கொண்டிருந்தார். ஃபோர்மேன் இறங்கிப் போய் வரப்பில் நின்றார். அந்த அம்மா நிமிரக்கூட இல்லை.

"உனக்கு மேல ஒருத்தன், அவனுக்கு மேல ஒருத்தன். நீ இன்னாப்பா பண்ணுவ."

திட்டியிருந்தால் ஃபோர்மேனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பிறகு அவரோடு பல ஊர்களில் வேலை செய்தேன். எங்கே கம்பம் நட்டாலும், வெளிச்சம் விழப்போகிற இடம்வரை நடந்து பார்த்துவிட்டுத்தான் குழி தோண்டச் சொல்வார். வேலை தாமதமாகும். காண்ட்ராக்டரிடம் ஏச்சு வாங்குவார். காரணம் மட்டும் சொன்னதில்லை. அவர் காலமாகியும் வருஷங்கள் ஆகின்றன.

எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் வேலை. போன மாதம் சுற்றுச்சுவர்மேல் புது விளக்கு மாட்டினோம். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது பார் என்று ஏணியில் நின்றவனிடம் சொன்னேன். எட்டிப் பார்த்தான்.

"ஒண்ணுமில்லண்ணே. இன்னொரு கம்பெனிதான்."

சுவிட்சைப் போட்டேன்.