குளோரபோமும் ஒரு சம்பந்தமும்

அறுபதுகளின் தொடக்கத்தில், நான் வாத்தியாராக இருந்தபோது, என் ஞானப்பல் ஒன்று தாடையெலும்புக்குள் குறுக்கே படுத்துக்கொண்டு எழும்ப மறுத்தது. என் சுபாவம்தான் அதற்கும். குளோரபோம் கொடுத்து மயக்கி, பல்முரசுச் சதையைக் கீறித்தான் எடுக்கவேண்டும் என்றார் பட்டணத்துப் பல் டாக்டர்.

மேசையில் படுத்த பிறகுதான் கவனித்தேன். டாக்டருக்கு உதவியாக என் நாடியைப் பிடிக்க நின்ற அப்போதிக்கரி, தங்கைக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன். சாதகம் பொருந்தி, நாள் பார்க்கிற கட்டம் அது.

“முந்தி மயங்கி விழுந்திருக்கிறீரோ? நெஞ்சிலை ஏதும் வருத்தம்?” என்று டாக்டர் கேட்டார்.

இரண்டுதரம் விழுந்திருக்கிறேன், ஒருமுறை வயல் வரம்பில், மற்றது வகுப்பில், வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கையில். தகப்பனும் நெஞ்சைப் பிடித்தபடியே போனவர். ஆனால் அப்படிப்பட்ட குடும்பத்தில் பெண் எடுப்பவர்கள் எங்கள் பக்கத்தில் இல்லை.

“இல்லை ஐயா,” என்றேன்.

மாமன், மாடு வாங்க வந்தவரைப்போலத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்காக உயிரைப் பணயம் வைத்த மடையன் நான். அதற்குத் தியாகம் என்று பெயரும் வைத்திருந்தேன்.

முகமூடி வந்தது. இனிப்பு மணம். நெஞ்சு முதலில் ஓடியது, பிறகு தடக்கியது, பிறகு நின்று யோசித்தது.

“ஐயா, நாடி விட்டுவிட்டு அடிக்குது. இப்ப காணேல்லை,” என்ற மாமனின் குரல், நெல்லு விலை சொல்வதுபோலத் தூரத்தில் கேட்டது.

கண் திறந்தபோது டாக்டரின் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. பல் இருந்த இடத்திலேயே இருந்தது.

“திரும்பக் கொஞ்சமாக் குடுத்துப் பாக்கப்போறன். உண்மையைச் சொல்லும், முந்தி விழுந்தனீரோ?”

“ஓம் ஐயா, ரெண்டுதரம். அப்பாவும் நெஞ்சு வருத்தத்தாலைதான் போனவர்.” கேளாததையும் சேர்த்து ஒப்புவித்தேன். தியாகியின் ஆயுள் அவ்வளவுதான். மாமன் என் கையைக் கீழே வைத்தார், அழுகின கத்தரிக்காயைக் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுப்பதுபோல.

கடைசியில் குளோரபோமைக் கைவிட்டு, முரசில் விறைப்பூசி மட்டும் போட்டு, நான் அலற அலறப் பல்லைப் பிடுங்கி, வாயில் பஞ்சை அடைத்து, பின்னேரம்வரை கிடத்திவைத்து அனுப்பினார்கள். நான் பஸ்ஸில் நெளுக்குளத்து வீட்டுக்கு வந்து சேருமுன்னரே மாமனின் ஆள் சைக்கிளில் வந்து, நடந்த கதை முழுவதையும் சொல்லி, தங்கையின் சாதகத்தை, உட்காராமலே, கதிரையில் திருப்பி வைத்துவிட்டுப் போயிருந்தான்.

“டாக்டர் முதல் கேக்கேக்கை ஏன் அண்ணை ஒளிச்சனீங்கள்?” என்றாள் தங்கை.

“உனக்காகத்தான்,” என்று பஞ்சுக்குள்ளால் சொன்னேன்.

“அண்ணன்ரை நாடியைப் பிடிச்சுப் பாத்துப் பொம்பிளை எடுக்கிற வீட்டுக்கு என்னை அனுப்பவோ? செத்திருந்தால் அந்தப் பழியையும் என்ரை தலையிலையெல்லோ கட்டியிருப்பியள். சரி, ரெண்டாந்தரம் உண்மையைச் சொன்னது ஆருக்காக?”

வாயைச் சுட்டிக்காட்டி, பஞ்சு இருப்பதால் பேச முடியாது என்று சைகை செய்தேன்.