மச்சான் மாட்டிய பெல்ட்

என் மனைவியின் அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரில் பம்ப்செட் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறார். நான் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறேன். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச வராது. மச்சானோடு இருந்தால் அது பெரிதாகத் தெரியாது, இருவருக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

ஐம்பது வயதை நெருங்கும்போது எங்களுக்கு ஒரு கார் ஆசை வந்தது. எங்கள் கம்பெனி முதலாளி வீட்டுப் பின்பக்கம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் தார்ப்பாய்க்குள் கிடந்தது. இரண்டு கதவு, இரண்டு சீட், நீளமான முன்பக்கம். முதலாளியின் மகன் வாங்கி ஓட்டிவிட்டு வெளிநாடு போனதோடு சரி. சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. இடம் காலியானால் போதும், எடுத்துக்கொண்டு போங்கள் என்று முதலாளி சொன்னார்.

கோயம்புத்தூர் பக்கத்தில் ரேஸ் டிராக் இருக்கிறது. சில நாட்களில் சாதாரண ஆட்களும் தங்கள் காரைக் கொண்டுபோய் ஓட்டலாம். மச்சான் போனில் அந்த வீடியோக்களை எல்லாம் பார்த்து வைத்திருந்தார். இந்த வண்டியை அங்கே ஓட்டியே தீருவது என்று முடிவு செய்தோம்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வீட்டுப் பின்னால் வேலை நடந்தது. டிராக்கில் ஓடும் வண்டி லேசாக இருக்க வேண்டுமாம். ஏசியைக் கழற்றினோம். தரைவிரிப்பைக் கிழித்து எடுத்தோம். பாட்டுப் பெட்டி, எலி கடித்த சீட்டுப் பஞ்சு எல்லாம் வெளியே வந்தன. என் மனைவி ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் காரைச் செய்றீகளா, பிரிச்சு விக்கப் போறீகளா?" என்று கேட்டாள்.

மச்சான் அதுவரை கார் எஞ்சினைத் திறந்தவர் இல்லை. இதைத் திறந்தார். எஞ்சினில் பல் வைத்த ரப்பர் பெல்ட் ஒன்று உண்டு. மேலே வால்வுகளும் கீழே பிஸ்டன்களும் ஒன்றுக்கொன்று இடிக்காமல் ஓட அந்த பெல்ட் சரியாக உட்கார வேண்டும். ஒரு பல் தள்ளி உட்கார்ந்தால்கூட வம்பு. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அந்த அக்காவின் நகப்பாலிஷை வாங்கி வந்து அவர் அடையாளம் வைத்து மாட்டினார். கையால் சுற்றிப் பார்த்தார். மனது கேட்காமல் கழற்றி மறுபடி மாட்டினார்.

பிளவக்கல் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். வண்டி தேன் மாதிரி போனது. திரும்பி வரும்போதே அவர் வேறு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். இனி பம்ப்செட்டைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம், கார் ஒர்க்‌ஷாப் வைக்கலாம் என்றார். வன்னியம்பட்டி போகும் வழியில் ஒரு ஷெட்டும் பார்த்துப் பேசினார். டிராக்கில் ஓட்டி முடித்து வந்ததும் சாவி வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். அங்கே இருந்தவர்கள் எல்லாம் எங்கள் பிள்ளைகள் வயது. அவர்கள் கார்கள் மினுமினுத்தன. எனக்குத் திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது. மச்சான்தான் என்னை உள்ளே உட்கார வைத்தார்.

"நீ ஓட்டுறவன் மாப்ள, நான் கழட்டுறவன். மொதல்ல நீ போயிட்டு வா. பொறவு நான்."

முதல் சுற்று மெதுவாகப் போனேன். அடுத்த சுற்றில் பயம் போய்விட்டது. நீளமான நேர்பாதையில் மூன்றாவது கியரில் மிதித்துப் போனேன். நான்காவது போட வேண்டும். எங்கள் கம்பெனி வேனில் கியர் தேய்ந்துபோய், கம்பியை இடப்பக்கம் அழுத்தித் தள்ளினால்தான் நான்காவது விழும். இருபது வருடமாக அப்படித்தான் தள்ளுகிறேன். இங்கேயும் கை அப்படியே தள்ளியது. இந்தக் காரில் அந்தப் பக்கம் இருப்பது இரண்டாவது கியர்.

எஞ்சின் அலறியது. பின்சக்கரம் இழுத்து, வண்டி சறுக்கிப் புல் ஓரத்தில் போய் நின்றது. என்ன செய்தேன் என்று எனக்கு அப்போதே தெரியும். யாரும் வருவதற்குள் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். மறைக்கத்தான் தள்ளினேன்.

மச்சான் ஓடி வந்தார். அடுத்து தன் முறை என்று ஹெல்மெட்டைத் தயாராக மாட்டி வைத்திருந்தார். பின்னாலேயே பையன்கள் கூட்டமாக வந்தார்கள்.

"என்ன மாப்ள ஆச்சு?"

"தெரியல மச்சான். ஒரு சத்தம் வந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னேன். ஊருக்கு வந்து எஞ்சினைத் திறந்தபோது வால்வுகள் வளைந்து கிடந்தன. கியரை மாற்றிப் போட்டு எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றினாலும் வளையும், பெல்ட் தப்பாக இருந்தாலும் வளையும். மச்சான் பெல்ட் என்றே முடிவு கட்டினார். நான் ஓட்டி வண்டி கெடும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை.

டீக்கடையில் கேட்டவர்களிடம் எல்லாம் அவரே சொன்னார். ரிப்பேருக்குக் கிணற்று மோட்டார் கொடுத்துவிட்டு டீ குடிக்க வந்த ஒருவர், ஓட்டியவர் கியரை மாற்றிப் போட்டிருப்பாரோ என்று கேட்டார்.

"ஏலே, அவன் இருவது வருசமா வேன் ஓட்டுறவன். கண்ணைக் கட்டி விட்டாலும் கியர் போடுவான். பெல்ட்டு மாட்டத் தெரியாதவன் நான். சும்மா இரி."

நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்து என் மனைவி சொன்னாள், அண்ணன் ஷெட் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அடுத்தவன் வண்டியில் இப்படி ஆகியிருந்தால் என் கதி என்ன என்றாராம்.

மறுநாள் லோடு இறக்கிவிட்டு வேனை நேராக வன்னியம்பட்டி வழியில் விட்டேன். ஷெட்டுக்காரரிடம் நானே பேசி, வேறு யாருக்கும் விடாமல் நிறுத்தி வைக்கலாம் என்று போகும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஷெட் திறந்திருந்தது. பால்கோவா போடுகிறவர்கள் அதை எடுத்திருந்தார்கள். உள்ளே விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்து மச்சான் கடைக்குப் போனேன். மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும் என்று நின்றபடியே சொன்னேன்.

"பெல்ட்டு இல்ல மச்சான். நாந்தான். நாலுன்னு நெனச்சு ரெண்டுல போட்டுட்டேன்."

அவர் கை நிற்கவில்லை. சுற்றிக்கொண்டே, "எப்பத் தெரியும்?" என்றார்.

"அப்பவே தெரியும்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கம்பியைக் கீழே வைத்தார்.

"அப்ப பெல்ட்டு சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சு."

"ஒரு பல்லுகூடத் தள்ளலயா?"

"இல்ல மச்சான்."

கையை வேட்டியில் துடைத்துவிட்டு அக்காவுக்குப் போன் போட்டார். "ஏட்டி, பெல்ட்டு சரியாத்தான் இருந்திருக்கு" என்றார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் பாஸ் என்று கேட்ட பிள்ளையின் முகம் அது. அப்படியென்றால் எதனால் உடைந்தது என்று அக்கா கேட்டிருக்க வேண்டும். அவர் போனை என் பக்கம் நீட்டினார்.

"நீயே சொல்லு."

சொன்னேன். அக்கா போனை வைத்துவிட்டார்கள்.

ஷெட் போய்விட்டது. மச்சான் வேறு இடம் பார்ப்பதாகச் சொல்கிறார், இன்னும் அமையவில்லை. டீக்கடையில் இப்போதும் யாராவது பெல்ட்டை வைத்து அவரைக் கிண்டல் செய்கிறார்கள். அவர் மறுத்துச் சொல்வதில்லை. ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்ப்பார். கடையில் அப்போது ஆட்கள் இருப்பார்கள். நான் கிளாஸை வாயிலிருந்து எடுப்பதில்லை.