நெஞ்சுக்கு ஜெபியுங்கள் என்றேன்

என் வயிற்றைப் பற்றித் தெரியாதவர்கள் எங்கள் சபையில் யாருமே கிடையாது. பல வருடங்களாகப் பெருங்குடலில் அழற்சி. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று டாக்டர் சொன்னார். வியாதி கிளம்பிவிட்டால் ரத்தமும் சளியுமாக வயிற்றால் போகும். பஸ் ஏறுவதற்கு முன்பே, இறங்குகிற இடத்தில் கழிப்பறை இருக்குமா என்று கவலைப்படுகிற பிழைப்பு. இதை வெளியே சொல்லவே கூசும். ஜெபிப்பார்களே என்று சபையில் சொன்னேன். அன்றிலிருந்து கலா என்கிற என் பெயர் போய், "வயிறு சரியில்லாத சிஸ்டர்" ஆகிவிட்டேன்.

ஜெபித்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். கூடவே வைத்தியமும் சொன்னார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. மோர் குடி என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போவார், மோரைத் தொடாதே என்று அடுத்தவர் வருவார். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்து என்று மட்டும் எல்லோரும் ஒற்றுமையாகச் சொல்வார்கள். நான் நிறுத்தவில்லை.

போன கோடையில் வியாதி மறுபடியும் கிளம்பியது. ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். அந்த நாட்களில்தான் மார்பின் நடுவில் ஓர் அழுத்தம் வரத் தொடங்கியது. சேலையூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் எனக்கு வேலை. பஸ்ஸைப் பிடிக்க கேம்ப் ரோட்டில் கொஞ்சம் வேகமாக நடந்தால் அழுத்தும், நின்றால் விட்டுவிடும். என் கணவரிடம் சொன்னேன்.

"உனக்கு எல்லாமே கேஸ்தான். ஓமத் தண்ணி குடி, சரியாப் போயிடும்" என்றார், டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போனேன். அந்த டாக்டர் என் பழைய சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "கொலைட்டிஸ் இருக்குல்ல? கேஸ் மேல ஏறுதும்மா" என்று சொல்லி, அசிடிட்டிக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வயிற்று வியாதி வந்தவளுக்கு நெஞ்சே இருக்கக் கூடாதா? "ஆண்டவரே, நான் சொல்றதை இந்த ஊர்ல ஒருத்தராவது கேக்கட்டும். இல்ல, நீராவது கேளும்" என்றேன். பக்தியாகச் சொல்லவில்லை, சண்டைதான் போட்டேன். அன்றைக்கு ஒரு பதிலும் வரவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, பெண்கள் உபவாச ஜெபம். வட்டமாக உட்கார்ந்து அவரவர் ஜெபக் குறிப்பைச் சொல்வோம். எங்களை நடத்தும் சுகுணா சிஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்து ஜெபிப்பார்.

"சிஸ்டர், எனக்கு நெஞ்சு வலிக்குது. நெஞ்சுக்கு ஜெபிங்க" என்று தெளிவாகச் சொன்னேன்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். "ஆண்டவரே, எங்கள் சகோதரியின் வயிற்றைத் தொடும்" என்று ஆரம்பித்தார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "நெஞ்சு, சிஸ்டர், நெஞ்சு" என்று முணுமுணுத்தேன். "அவள் குடலை ஒவ்வொரு அங்குலமாகத் தொடும்" என்று அவர் சத்தத்தை உயர்த்தினார். சுற்றிலும் ஒரே ஆமென், அல்லேலூயா.

அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான், உட்கார்ந்திருக்கும்போதே அழுத்தம் வந்தது. தாடை வரைக்கும் ஏறியது, இடது கை கனத்தது. கூப்பிடப் பார்த்தேன், குரல் எழும்பவில்லை. செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்தேன். சுற்றி இத்தனை பேர் இருந்தும் எல்லோர் கண்ணும் மூடியிருந்தது. "கர்த்தாவே, யாராவது கண்ணைத் திறக்கட்டும்." அது மட்டும்தான் என் ஜெபம்.

எங்கள் வட்டத்தில் எஸ்தர் அக்கா என்று ஒருவர் உண்டு. ஜெபத்தில் கண்ணையே மூட மாட்டார். யார் தூங்கினார்கள், யார் போனைப் பார்த்தார்கள் என்று பிறகு தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போவார். சுகுணா சிஸ்டர் எத்தனையோ முறை கண்டித்தும் திருந்தவில்லை. அந்த அக்காதான் கத்தினார்.

"நிறுத்துங்க சிஸ்டர்! கலா மூஞ்சியப் பாருங்க, வேர்த்து ஊத்திகினு கீது!"

"ஜெபம் முடியட்டும்" என்றார் சுகுணா சிஸ்டர், கண்ணைத் திறக்காமலே.

"நீங்க முடிச்சிகினு வாங்க. நான் ஆட்டோ புடிக்கிறேன்."

தாம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் என்ன வியாதி என்று கேட்டார்கள். நான் "கொலை..." என்று வாயெடுத்தேன். எஸ்தர் அக்கா விடவில்லை. "வயித்த உடும்மா, முதல்ல நெஞ்சப் பாரு" என்று நர்சிடம் சொன்னார். உடனே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மாரடைப்பு. இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தது, அன்றே ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்கள்.

பிறகு இதய டாக்டர் விளக்கினார். "குடல்ல இருக்கிற அழற்சி குடலோட நிக்காதும்மா. ரத்தக்குழாயையும் பாதிக்கலாம். உங்க மாதிரி நோயாளிங்களுக்கு இதய நோய் வர வாய்ப்பு மத்தவங்கள விடக் கொஞ்சம் அதிகம், வியாதி கிளம்பியிருக்கிற நேரத்துல இன்னும் கவனமா இருக்கணும். ஸ்டீராய்டால பிரஷரும் சுகரும் ஏறலாம். யாரும் சொல்லலியா?"

நான் சொன்னதையே யாரும் கேட்கவில்லை, எனக்கு யார் சொல்லப் போகிறார்கள்? என் கணவர் ஐ.சி.யூ. வாசலில் நின்று அழுதாராம். பாவமாக இருந்தது, கோபமும் போகவில்லை. வார்டுக்கு மாற்றியதும் சுகுணா சிஸ்டர் பார்க்க வந்தார். கையில் ஃபிளாஸ்க். உள்ளே ஓமத் தண்ணீர். தலையில் அடித்துக்கொள்ளாததுதான் பாக்கி.

இன்று உயிரோடு இருக்கிறேன். குடலுக்கும் இதயத்துக்கும் மருந்தை விடாமல் சாப்பிடுகிறேன். பிரஷர், சுகர், கொழுப்பு எல்லாம் பார்த்துக்கொள்கிறேன், மெதுவாக நடக்கவும் போகிறேன். சண்டைக்காரியாகக் கூப்பிட்ட என்னையும் தள்ளிவிடாத தேவனுக்கு எப்படி நன்றி சொல்வேன்! அவருக்கு என்மேல் எரிச்சல் வரவில்லை.

அன்பானவர்களே, அவரை நம்புங்கள். கோபத்தோடு கூப்பிட்டாலும் கேட்பார். ஆனால் பக்கத்தில் இருப்பவர் நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னால், தயவுசெய்து வண்டியைக் கூப்பிடுங்கள். வழியில் ஜெபித்துக்கொள்ளலாம்.