முன் சீட்டின் ஈரம்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் என் தம்பியைப் பற்றி நல்ல வார்த்தை எதுவும் வராது.

அப்பா காலமெல்லாம் லாரி ஓட்டியவர். சொன்னால் நம்ப மாட்டார்கள், சட்டை அப்படி மடிப்புக் கலையாமல் இருக்கும். கிரீஸ் பட்ட கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவி, முகர்ந்து பார்த்த பிறகுதான் சாப்பிட உட்காருவார். போன வருடம் பக்கவாதம் வந்ததில் இடது பக்கம் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அதற்குப் பிறகும் வீட்டில் முடங்கவில்லை. தம்பியின் பழைய வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து போவார். அவன் கடைகளில் சரக்கு இறக்கும்போது வண்டிக்குக் காவல் இருப்பார்.

மழைக்காலத்தில் ஒருநாள், வெயில் பளீரென்று அடிக்கும் நேரத்தில், அப்பா இறங்கிய சீட் ஈரமாக இருந்தது. பேண்ட்டும் ஈரம். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே கதை. அன்றைக்கும் மழை இல்லை. தம்பி ஐயா உடனே தீர்ப்பு எழுதிவிட்டார். பெரியவர்கள் கட்டிக்கொள்ளும் டயப்பர் ஒரு கட்டு வாங்கி வந்து, பக்கத்து வீட்டம்மா இருக்கும்போதே மேசைமேல் தொப்பென்று போட்டான்.

"இனிமே இதைக் கட்டிக்கிட்டு வாங்கப்பா. இல்லன்னா வீட்லயே இருங்க."

அப்பா அதைத் தொடவில்லை. தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். எங்களுக்கு அது தெரியவே இல்லை. ஒருநாள் காலை குளியலறையில் தலைசுற்றி விழுந்தார். உடம்பில் நீர்ச்சத்தே இல்லை, இப்படியே போனால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்றார் டாக்டர். ஏன்பா குடிக்கவில்லை என்று கேட்டேன்.

"குடிச்சிட்டு வண்டில ஏறினா அசிங்கமாயிடுதேம்மா."

எனக்கு உச்சந்தலை வரை பற்றி எரிந்தது. நேராக வேனுக்குப் போய்ச் சீட்டை முகர்ந்தேன். பூஞ்சை வாடைதான் வந்தது.

"டேய், உனக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? வந்து மோந்து பாருடா!"

"வண்டி பூரா நாத்தம்தான்க்கா. இதுல எதைன்னு மோந்து பாக்கறது?"

ஹோஸ் பைப்பை எடுத்துக் கூரைமேல் தண்ணீரை அடித்தேன். உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"பாத்தியா? நான்தான் சொன்னேன்ல."

"வாயை மூடிட்டு வண்டிய எடு."

அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து, அவரைப் போலவே பெல்ட்டும் போட்டுக்கொண்டேன். தெருமுனையில் வண்டி வலப்பக்கம் திரும்பியது. என் இடது இடுப்பில் சில்லென்று ஏதோ ஊறியது. பெல்ட்டைத் தொட்டால் சொதசொதவென்று ஈரம்.

"நிறுத்துடா பாவி!"

பெல்ட்டுக்கு மேலே, கூரையின் உள்பக்கம் ஒட்டியிருந்த துணியைப் பிய்த்தோம். அதன் பின்னாலிருந்த ஸ்பாஞ்ச் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. மழை நின்று நாளானாலும் தண்ணீர் அங்கேயே தேங்கி, வண்டி திரும்பும்போதெல்லாம் பெல்ட் வழியாகச் சத்தமில்லாமல் இறங்கியிருக்கிறது. அதுவும் அப்பாவுக்கு உணர்ச்சி இல்லாத பக்கமாகப் பார்த்து. கூரைமேல் சாமான் ஏற்றும் கேரியரைக் கோடையில் கழற்றியவன் இந்தத் தம்பிதான். அந்த போல்ட் ஓட்டைகளில் துருவைக்கூடச் சுரண்டாமல் மேலாகப் பசையை அப்பியிருக்கிறான். பசை வெடித்துக் கிடந்தது.

அவனை விடவில்லை. பழைய பசையைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரியும் வரை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வைத்தேன். பெயின்ட் அடித்து, ரப்பர் வாஷர் வைத்துப் புது போல்ட் முடுக்கி, சுற்றிலும் சீலன்ட் பூசினான். காய்ந்ததும் மறுபடி தண்ணீர் அடித்தேன். ஓர் ஓட்டை இன்னும் கசிந்தது. "பிரிடா" என்றேன். முணுமுணுக்காமல் பிரித்தான். அடுத்த தடவை உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தபோது எங்கேயும் ஈரமில்லை.

பிறகு அவனை இழுத்துக்கொண்டு போய் அப்பாவின் கட்டிலுக்கு முன்னால் நிறுத்தினேன்.

"மழைத் தண்ணிப்பா. நான் அடைச்ச ஓட்டைதான் ஒழுகியிருக்கு."

அப்பா அவனையே பார்த்தார்.

"அப்போ நான் இல்லையா?"

"நீங்க இல்லப்பா. 'நான் இல்லடா'ன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அந்தப் பக்கம் எனக்குத்தான் ஒண்ணும் தெரியறதில்லையேடா. நீ நல்லா பாத்துட்டுத்தான் சொல்லியிருப்பேன்னு நம்பிட்டேன்."

தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்பினான். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.